மகளைக் கூட்டிவரப் போய் ஊர் பார்த்த கதை

நான் கொழும்பில் பிறந்தவள். இந்தியா எனக்கு வெளிநாடு. என் வீட்டுக்காரருக்கு அது சொந்த ஊர். கல்யாணமாகி ஒன்பது வருடம் வரை அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் பெரிதாகத் தெரிந்ததில்லை. அவரும் கொழும்புக்காரரைப் போலத்தான் பேசுவார், ஆபீஸைக் கந்தோர் என்பார், ரொட்டியைப் பாண் என்பார், காலையில் பாணும் சம்பலும் சாப்பிடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் அவருடைய சித்தப்பா மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இராமநாதபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மிளகாய்ச் சாகுபடி செய்கிறவர். நாலு பையன்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்து, அந்தப் பிரசவத்திலேயே மனைவி இறந்துபோயிருந்தார். கல்யாணமாகாத தங்கைதான் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தங்கைக்கும் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. "மதினிக்குப் பொண்ணு வேணும்னு ஆசை உண்டுன்னு கேள்விப்பட்டேன். என் மகளை எடுத்துக்கிட்டா அவ நல்லா இருப்பா" என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஆசை இருந்தது உண்மை. சின்னவன் பிறந்தபோதே இனி பிள்ளை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடிதம் வந்த அன்றே நான் அளவு தெரியாமல் நாலு கவுன் தைத்துவிட்டேன். பையன்கள் மட்டும்தான் உள்ளவர்கள் பெண்குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டத்தில் தடையில்லை என்று தெரிந்துகொண்டோம். குழந்தையின் போட்டோவைத் தபாலில் வரவழைத்தோம். இரண்டு பக்கமும் தென்னங்குருத்து மாதிரிச் சின்னச் சின்னக் குடுமி, அதில் கனகாம்பரம், முகத்தில் யாரையோ திட்டப்போகிற பாவனை. அந்தப் போட்டோவை ஒட்டி, நடையாய் நடந்து, குழந்தை இலங்கைக்குள் வர அனுமதிப் பத்திரமும் வாங்கிவிட்டோம். பத்து நாள் லீவு. பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. இருவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினோம்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்கினோம். இரண்டரை மணி நேரக் கடல். அதற்குள் என் வீட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். இறங்கியதும் ஒரு போர்ட்டரைப் பார்த்து, "ஏலே, இங்கன வா, அந்தப் பெட்டியத் தூக்கு" என்றார். பையன்கள் இருவரும் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். "அம்மா, அப்பா ஏன் இப்படிப் பேசுறார்?" என்று பெரியவன் ரகசியமாகக் கேட்டான். "ஊர் வந்திட்டுது" என்றேன். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

இராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு, கடிதம் எழுதிய என் கொழுந்தன் மாட்டுவண்டியோடு வந்திருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். தோளில் அந்தக் குழந்தை. இரண்டரை வயது. போட்டோவில் இருந்த அதே குடுமிகள், அதே முகம். நான் கையை நீட்டினேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"பழகிருவா மதினி. அவசரமில்ல. வந்ததும் வந்தீக, நாலு இடத்தப் பாத்துட்டுப் போங்க. பிள்ளைக வெளிநாடு வந்திருக்குக. ஒண்ணும் பாக்காம போனா என்ன நினைக்கும்?"

அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை சின்னவன் பசியில் அழுதான். "பாண் வேணும், பாண் வேணும்" என்றான். கொழுந்தன் உடனே எழுந்து போய், இரண்டு தெரு தள்ளி யார் வீட்டிலோ கேட்டு, ஒரு புதுப் பானையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். சின்னவன் பானையைப் பார்த்தான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு இன்னும் சத்தமாக அழுதான். "எம்புட்டுப் பெருசு வேணுமாம்?" என்று அவர் கவலையோடு கேட்டார்.

முதலில் இராமேஸ்வரம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், ஒவ்வொன்றிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள் என்று வழியிலேயே சொல்லிக் கூட்டிப்போனார். ஊற்றுகிற ஆள் கிணற்றுச் சுவர் மேலேயே நிற்பார். நாம் ஈரத்துணியோடு ஓடவேண்டும். பெரியவன் எண்ணிக்கொண்டே வந்தான். சின்னவனுக்கு நாலாவது தீர்த்தத்தில் சந்தேகம் வந்துவிட்டது. "அம்மா, நாங்கள் இவ்வளவு அழுக்காகவா இருக்கிறோம்?" என்று கேட்டான். ஒன்பதாவதில், முந்தின கிணற்றுத் தண்ணீரும் இதுவும் ஒரே ருசியாக இருப்பதாகப் பெரியவன் அந்த ஆளிடமே புகார் செய்தான். அவர் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு வாளி ஊற்றினார். பதினான்காவதில் சின்னவனைக் காணோம். தேடிப் போனால், அவன் பின்னோக்கி ஓடி ஆறாவது தீர்த்தத்தில் நின்றுகொண்டிருந்தான். அதுதான் வெதுவெதுப்பாக இருந்ததாம். மற்றதெல்லாம் வேண்டாம், இதையே இருபத்திரண்டு தடவை ஊற்றச் சொல் என்றான்.

இந்தக் குழப்பத்தில் கொழுந்தனும் குழந்தையும் எங்கே போனார்கள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவர் எதிரே வந்தார். தோளில் ஒரு மொட்டைக் குழந்தை. சந்தனம் பூசிய தலை வெயிலில் மின்னியது. யார் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வருகிறார் என்று நினைத்தேன். அது தன் அப்பாவின் காதைப் பிடித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது.

"இவ வயித்துல இருக்கையில அவ ஆத்தா வேண்டிக்கிட்டது மதினி. கடல் தாண்டிப் போறதுக்குள்ள முடிச்சிரணும்ல" என்றார்.

அனுமதிப் பத்திரத்தில் இருந்த போட்டோ அப்போது எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வந்தது ஐந்தாம் நாள். தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு, பயணக் காகிதங்களைச் சரிபார்க்கிற ஒரு குமாஸ்தா முன்னால் குழந்தையோடு நின்றோம். அவர் போட்டோவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"போட்டோவுல உள்ள பிள்ளைக்கு முடி இருக்கு" என்றார்.

"மொட்டை அடிச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதைத்தான் நானும் சொல்றேன். இந்தப் பிள்ளைக்கு இல்ல."

"ரெண்டும் ஒரே பிள்ளைதான் சார்."

"நீங்க சொல்றீங்க. போட்டோ சொல்லலையே. குடுமியைப் பாத்துத்தான் பொம்பளப் பிள்ளைன்னே தெரியுது. இப்ப இது எதுன்னு நான் எப்படி எழுதுறது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, பதற்றத்தில், "கொழும்புக் கந்தோரிலை எல்லாம் சரி எண்டு சொன்னவை" என்றுவிட்டேன். அந்த மனிதர் கந்தோர் என்பது ஊரா ஆளா என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டார்.

கடைசியில் இரண்டு வழி சொன்னார். முடி வளர்ந்த பிறகு வரலாம். இல்லையென்றால் மொட்டைத் தலையோடு புதுப் போட்டோ எடுத்து, அதைப் பட்டணத்துக்கு அனுப்பி, முத்திரை வைத்து வாங்கலாம். அதற்கு இரண்டு வாரத்துக்குக் குறையாது. "ஆனா ஒண்ணு. பேப்பர் வாரதுக்குள்ள முடி வளந்திரக்கூடாது. அப்புறம் நான் பொறுப்பில்ல."

ஆக, முத்திரை வைத்த பத்திரம் வரும்வரை எங்கள் மகளின் தலையை மொட்டையாகவே வைத்திருக்கவேண்டியதாயிற்று. ஐந்து நாளுக்கு ஒருமுறை நாவிதர் வீட்டுக்கு வந்தார். முதல் தடவை சாமிக்கு, இரண்டாவது தடவை யாருக்கு என்று அவர் கேட்டார். "சர்க்காருக்கு" என்றார் கொழுந்தன். நாவிதர் மறுகேள்வி கேட்காமல் கத்தியைத் தீட்டினார்.

போட்டோ ஸ்டூடியோவில் பின்னால் ஒரு பனிமலைப் படுதா தொங்கியது. அதை எடுத்துவிடுங்கள், வெள்ளைத் துணி போதும் என்றால், ஸ்டூடியோக்காரர் கேட்கவில்லை. "வெளிநாடு போற பிள்ளைன்னு சொன்னீகள்ல?" என்றார். பனிமலைக்கு முன்னால், மொட்டைத் தலையோடு, நான் தைத்த கவுனில் இரண்டு பேர் நுழையலாம் என்கிற மாதிரி, அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

லீவை நீட்டிக்கவேண்டியிருந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. என் வீட்டுக்காரர் யோசித்து யோசித்துச் சுருக்கி, "குழந்தைக்கு முடி இல்லை. இரண்டு வாரம் லீவு வேண்டும்" என்ற பொருளில் அனுப்பினார். லீவு கிடைத்தது. கந்தோரில் எல்லோருமாகச் சேர்ந்து, மனம் தளரவேண்டாம், கடவுள் இருக்கிறார் என்று ஒரு ஆறுதல் கடிதமும் அனுப்பியிருந்தார்கள்.

அந்த இரண்டு வாரத்திலும் கொழுந்தன் எங்களை ஒரு நாள் வீட்டில் உட்காரவிடவில்லை. விடிந்ததும் வண்டி பூட்டிவிடுவார். முதலில் உத்தரகோசமங்கைக் கோயில். அதன் பிறகு பாம்பன் பாலம். கப்பல் வந்தால் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கும், உலகத்தில் எங்கும் பார்க்க முடியாது என்றார். அதற்காக ரயிலேறிப் போய்க் கரையில் உட்கார்ந்தோம். காலை போய் மதியம் வந்தது. கப்பல் வரவில்லை. கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம். வழியே போன ஒரு ரயில்வே ஊழியரிடம், "இன்னைக்குத் திறப்பீகளா?" என்று கொழுந்தன் கேட்டார். "கப்பல் வந்தாத் திறப்போம்." "கப்பல் எப்ப வரும்?" "பாலம் திறக்கிற அன்னைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கொழும்பு திரும்பிய பிறகு வகுப்பில் இந்தியாவில் என்ன பார்த்தாய் என்று ஆசிரியை கேட்டதற்கு, பெரியவன், "ஒரு பாலம் திறக்காததைப் பார்த்தோம்" என்று எழுதினான்.

பாலத்துக்குப் பிறகு பார்க்கிற இடங்களின் தரம் இறங்கத் தொடங்கியது. உப்பளம் பார்த்தோம். சரி. மறுநாள் இன்னொரு உப்பளம் பார்த்தோம். முதலில் பார்த்ததைவிட இது சின்னது என்று அவரே சொன்னார். ஒரு அரிசி ஆலையைப் பார்த்தோம். அன்று ஆலைக்கு விடுமுறை, அதனால் பூட்டைப் பார்த்தோம். ஸ்டேஷனில் சரக்கு நிறுக்கிற தராசில் பையன்களை ஏற்றி நிறுத்தார். ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் ஓடாத கடிகாரம் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் எங்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். நாங்கள் கடிகாரத்தின் முன்னால் வரிசையாக நின்று பார்த்தோம். "இதே நேரத்துலதான் நின்னுச்சு" என்று ரங்கூன்காரர் விளக்கினார். பையன்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். அவர்களுக்கு எல்லாமே பிடித்திருந்தது. கடல் தாண்டி வந்து ஒரு பூட்டைப் பார்ப்பதில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

எல்லா இடத்துக்கும் குழந்தை அவர் தோளில் வந்தாள். எல்லாவற்றையும் அவளுக்குத்தான் அவர் முதலில் காட்டினார். "பாத்தியாம்மா? இது உப்பு. அது தராசு." நாங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தங்கைக்காரிதான் முதலில் பொறுமை இழந்தாள். தன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்க, அண்ணனின் நாலு பையன்களையும் எங்களையும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தவள். ஒரு சாயங்காலம் வண்டி வந்து நின்றதும், "இன்னைக்கு எதைண்ணே காட்டிட்டு வாரே? மைல் கல்லையா?" என்று கேட்டாள். அவர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். உண்மையில் அன்று நாங்கள் ஒரு மைல் கல்லிடமும் நின்றுதான் வந்திருந்தோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிணற்றடியில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இவருக்குப் பிள்ளையைத் தர மனசில்லை. உங்களுக்குத் தெரியுதா?"

"முதல் நாளே தெரியும்."

"பின்ன ஏன் வாய் திறக்கேல்லை?"

"என்னத்தச் சொல்ல? அவனாச் சொல்லட்டும்னு இருக்கேன். நானும்தான் அவன் பின்னாடி ஓடாத கடிகாரத்தைப் பாத்துட்டு வாரேன்."

என் வீட்டுக்காரர் தயங்கினார் என்பதற்காக நான் தயங்க முடியாது. இருபது நாளாக அந்தக் குழந்தை என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தாள். சோறு ஊட்டினால் வாய் திறப்பாள். இடுப்பில் வைத்தால் இறங்கமாட்டாள். அவளில்லாமல் கப்பல் ஏற எனக்கு மனமில்லை. ஆனால் பறித்துக்கொண்டு போகவும் முடியாது. மறுநாள் காலை கொழுந்தன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது தனியாகப் போய்ப் பேசினேன்.

"தம்பி, மனசு மாறியிருந்தால் சொல்லிவிடுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். பதிவு செய்த காகிதத்தைக் கிழித்துப் போட்டால் முடிந்தது." கிழித்தால் முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

அவர் வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"மாறல மதினி. தங்கச்சி போயிட்டா இவளுக்குத் தலை சீவிவிடக்கூட ஆளில்ல. நாலு பயலுகளுக்குக் கஞ்சி காச்சுறதுக்கே நான் முழிக்கணும். உங்ககிட்ட இருந்தாப் படிப்பா. எல்லாம் தெரியுது. மனசு மாறல. கொஞ்சம் மெதுவா வருது, அம்புட்டுத்தான்."

நானும் ஒரு பிடி வைக்கோலை எடுத்துப் போட்டேன். "இன்றைக்கு எங்கே போகிறோம்?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் யோசித்தார். தெற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். "தோட்டத்துல புதுசா ஒரு மோட்டார் போட்டிருக்காக. பெரிய வீட்டுக்காரக. தண்ணி வந்து விழுகுறதைப் பாக்கலாம்" என்றார்.

போனோம். மோட்டார் அறை தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை. கரண்ட் இல்லை. நாங்கள் ஆறு பேரும் காய்ந்த குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தோம். சின்னவன் குழாய்க்குள் தலையை விட்டுக் கூவினான். பெரியவனும் கூவினான். குழந்தை அவர் தோளிலிருந்து இறங்கி ஓடிப்போய், தன் மொட்டைத் தலையை உள்ளே நுழைத்து, "ஊ" என்றாள். சத்தம் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்ததும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி கூவினார்கள். ஒரு மணி நேரம் அதுதான் நடந்தது. ஒரு தடவைகூட அவள் திரும்பி அப்பாவைத் தேடவில்லை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இனிக் காட்ட ஒண்ணுமில்ல மதினி" என்றார். "பேப்பர் வந்ததும் கிளம்புங்க."

மூன்றாம் நாள் பேப்பர் வந்தது. கிளம்புகிற அன்று காலையில் நாவிதர் கடைசி முறையாக வந்து போனார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தனுஷ்கோடி வரை கொழுந்தன் வந்தார். ரயிலில் அவளை மடியில் வைத்திருந்தார். வழியில் எதையும் அவளுக்குக் காட்டவில்லை. கப்பல் மேடையில் ஒரு அதிகாரி பனிமலைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையின் தலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "சரியா இருக்கு" என்று முத்திரை குத்தினார். எது சரியாக இருந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அவர் குழந்தையை என்னிடம் நீட்டினார். அவள் வந்துவிட்டாள், ஆனால் ஒரு கையால் அவர் காதைப் பிடித்திருந்தாள். நான் பின்னால் நகர நகர அவர் குனிந்துகொண்டே வந்தார். தடுப்புக் கட்டை இடித்த பிறகுதான் அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "மதினி, இவளுக்கு உறைப்பு ஆகாது. நம்மகிட்ட விளையுறது மிளகாய், இவளுக்கு அதுதான் ஆகாது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்ணனும் தம்பியுமாக அழுதார்கள். சின்னவனும் அழுதான். அவன் ஏன் அழுகிறான் என்று கேட்டதற்கு, தராசை இன்னொரு முறை பார்க்கவில்லை என்றான்.

அவள் அழவில்லை. கப்பலில் என் மேல் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினாள்.

கொழும்புக்கு வந்த பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவாள், பையன்கள் பின்னால் ஓடுவாள், என் மடியில் படுத்துக்கொள்வாள். ஒரு சொல் வாயிலிருந்து வராது. நாலு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. ஊமையாகிவிட்டாளோ, நான் செய்த பாவமோ என்று எனக்குள்ளேயே புழுங்கினேன். டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒன்றுமில்லை, பேசுவாள் என்றார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று ஊருக்கு எழுதவேண்டிய கடிதத்தை எழுதாமலே வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் அவளைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தெருவில் அவர் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள்கூட இறங்கி நடப்பார்கள். கோட்டும் குடையுமாக வந்து, எங்கள் வீட்டிலிருந்த ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளை வளர்ப்பில் கண்டிப்பின் அவசியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டே கேட்டோம். அவர் கவனிக்காமல் அவளுடைய மரப்பாச்சியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

அவள் நேராக நடந்து வந்து அவர் முழங்காலைத் தட்டினாள்.

"ஏலே, தள்ளி உக்காரு" என்றாள்.

தலைமை ஆசிரியர் குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, மெல்ல, தள்ளி உட்கார்ந்தார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை. அன்று மத்தியானமே ஊருக்குக் கடிதம் எழுதினேன்.